பழைய பாணி வா பெடல் வாங்கப் போகிறீர்களா? முதல் முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எலெக்ட்ரிக் கிட்டாரில் கொஞ்சம் கை பழகி, ஓவர்டிரைவ், டிலே என்று ஒன்றிரண்டு பெடல்களும் சேர்ந்த பிறகு பலருக்கும் அடுத்த ஆசை வா பெடல்தான். மிதிக்க மிதிக்கக் கிட்டார் வாய் திறந்து பேசுவது போன்ற அந்த ஒலியை எழுபதுகள், எண்பதுகளின் திரைப்பாடல்களில் நாமும் கேட்டிருக்கிறோம். அந்தக் காலத்து ஒலியே வேண்டும் என்று வாங்கக் கிளம்பினால்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒருவர் "ஹேலோ இண்டக்டர் இருந்தால்தான் அசல்" என்பார். இன்னொருவர் "ஃபாஸல் போட்டது வாங்கு" என்பார். மூன்றாமவர் "ட்ரு பைபாஸ் இல்லையென்றால் தொடவே தொடாதே" என்பார். புதிதாக வருகிறவர் எதைப் பிடித்துக்கொள்வது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வா ஒலி எந்த ஒரு பாகத்துக்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை. பெடல் எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை நகர்கிறது, அந்த நகர்வு உங்கள் காலசைவோடு எப்படி ஒட்டி வருகிறது, அடுத்து இருக்கும் பெடலோடும் ஆம்ப்போடும் எப்படிப் பழகுகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த ஒலி. இவை எல்லாவற்றையும் காதாலும் காலாலும் சோதித்துப் பார்க்க முடியும். பெட்டிமேல் அச்சடித்திருக்கும் வார்த்தைகளை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

வாயைக் குவித்து "ஊ" என்று தொடங்கி, மூச்சை நிறுத்தாமல் மெதுவாக "ஆ" என்று திறந்து பாருங்கள். சுருதி மாறவில்லை, ஆனால் குரலின் நிறம் மாறுகிறது. வாயின் உள்வடிவம் மாற மாற, குரலில் இருக்கும் சில அதிர்வெண்கள் தூக்கலாகவும் மற்றவை அமுங்கியும் கேட்கின்றன. வா பெடல் செய்வதும் இதைத்தான். அது ஒரு ஃபில்டர். கிட்டார் ஒலியில் ஒரு குறுகிய பகுதியை மட்டும் தூக்கிக் காட்டும்; காலை அசைக்கும்போது அந்தத் தூக்கல் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே நகரும்.

பழைய சர்க்யூட் வியக்கத்தக்க அளவு எளிமையானது. இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு கம்பிச்சுருள், சில கெபாசிட்டர்களும் ரெசிஸ்டர்களும், திருப்பினால் மின்தடை மாறும் 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (சுருக்கமாக 'பாட்') ஒன்று. அவ்வளவுதான். கம்பிச்சுருளைத்தான் இண்டக்டர் என்கிறோம். அதன் அளவு சுமார் 500 மில்லிஹென்றி. அதோடு சேர்ந்து வேலை செய்யும் கெபாசிட்டர் 0.01 மைக்ரோஃபாரட். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 2,250 ஹெர்ட்ஸ் வரும். விரல் பக்கத்தை முழுவதும் அழுத்தினால் தூக்கல் போய் நிற்கும் இடம் அதுதான். குதிகால் பக்கம் சாய்க்கும்போது இரண்டாவது டிரான்சிஸ்டர் அந்தக் கெபாசிட்டரைப் பல மடங்கு பெரியதுபோல நடந்துகொள்ள வைக்கிறது. தூக்கல் 400 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்குகிறது. மனிதக் குரலின் உயிரெழுத்துகள் வேறுபடுவதும் பெரும்பாலும் இதே எல்லைக்குள்தான். கேட்பவருக்குக் கிட்டார் பேசுவது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இந்த எல்லையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெடல் இதைவிட மேலே போனால் கிட்டார் கீச்சிடும். இதைவிடக் கீழே போனால் சத்தம் மூடிக்கொண்டது போல இருக்கும். பழைய பாணி என்று நாம் விரும்புவது பெரும்பாலும் மேல்முனையில் காதைக் குத்தாத, நடுவில் நன்றாகக் குரல் கொடுக்கிற ஒரு வீச்சு.

பெயர்ப்பலகையை ஏன் நம்ப வேண்டாம்

இதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை. வாக்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் ஆம்ப்களை அமெரிக்காவில் விற்கும் உரிமை கலிஃபோர்னியாவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்திடம் இருந்தது. 1966-இல் அங்கே ஒரு ஆம்ப்பை டிரான்சிஸ்டருக்கு மாற்றும் வேலை நடந்தது. அந்த ஆம்ப்பில் நடு அதிர்வெண்களைத் தூக்கிக் காட்ட ஒரு மூன்று நிலை சுவிட்ச் இருந்தது. சுவிட்சுக்குப் பதில் விலை குறைந்த பொட்டென்ஷியோமீட்டரைப் போடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் பிராட் ப்ளங்கெட் என்ற இளம் பொறியாளர். அதைத் திருப்பத் திருப்ப இந்த ஒலி வந்தது. கையால் திருப்பிக்கொண்டே எப்படி வாசிப்பது? வாக்ஸ் ஆர்கனுக்கு இருந்த வால்யூம் பெடலின் கூட்டுக்குள் அதைப் பொருத்தினார்கள். வா பெடல் பிறந்தது.

நிறுவனத் தலைவர் ஜோ பெனரான் இதை ட்ரம்பெட் போன்ற ஊது கருவிகளுக்கான பொருளாகவே பார்த்தார். அதனால்தான் மூடியை அசைத்து ட்ரம்பெட்டை அழவைத்துப் பெயர் வாங்கிய கிளைட் மெக்காய் என்பவரின் பெயரை 1967-இல் பெடலுக்கு வைத்தார்கள். இது கிட்டாருக்குத்தான் என்று ஆரம்பத்திலிருந்தே அடித்துச் சொன்னவர் டெல் கேஷர் என்ற கிட்டார் கலைஞர். அவர் சொன்னதே நடந்தது. அதே ஆண்டிலேயே எரிக் கிளாப்டனும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் இதை ஒலிப்பதிவில் பயன்படுத்திவிட்டார்கள்.

வாங்கப் போகிறவருக்கு முக்கியமான செய்தி இதற்கு அடுத்ததுதான். இந்தப் பெடல்களில் பலவற்றைச் செய்தது இத்தாலியில் பெஸ்காராவில் இருந்த ஜென் என்ற தொழிற்சாலை. வாக்ஸ் பெயரிலும் அங்கிருந்து வந்தன, க்ரை பேபி பெயரிலும் வந்தன, வேறு பெயர்களிலும் வந்தன. உள்ளே கிடைத்த பாகத்தைப் போட்டார்கள். அந்தக் காலப் பாகங்களின் அளவு ஒன்றுக்கொன்று கணிசமாக வேறுபடும். ஒரே ஆண்டில், ஒரே பெயரில் வந்த இரண்டு பெடல்கள் இரண்டு விதமாக ஒலிப்பது சாதாரணம். ஆகவே "1967 ஒலி" என்று ஒருவர் விற்றால், எந்த 1967 பெடலின் ஒலி என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் கிடைக்காது. காதை நம்புங்கள்.

முதல் படி: எப்படி வாசிக்கப் போகிறீர்கள்?

வா பெடலைப் பொதுவாக மூன்று விதமாகப் பயன்படுத்துவார்கள்.

ஒன்று, ஃபங்க் பாணித் தாளம். இடது கையால் தந்திகளை அமுக்கிச் சத்தத்தை அடைத்துவிட்டு வலது கையால் பதினாறாகப் பிரித்து அடித்துக்கொண்டே, காலை ஒரே சீராக ஆட்டுவது. 1971-இல் அமெரிக்கப் பாடகர் ஐசக் ஹேய்ஸின் 'ஷாஃப்ட்' பட இசைக்கு சார்ல்ஸ் 'ஸ்கிப்' பிட்ஸ் வாசித்தது இதற்கு இலக்கணம் மாதிரி. மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் 'வா வா வாட்ஸன்' என்றே பெயர் வாங்கிய மெல்வின் ரேகினும் இந்த வகையில் பெரிய கை. இப்படி வாசிப்பவருக்குக் கால் லேசாக ஆட வேண்டும், சுத்தமான ஆம்ப் ஒலியில் பெடல் தெளிவாகக் கேட்க வேண்டும். மேல்முனை கொஞ்சம் கூர்மையாக இருந்தாலும் பரவாயில்லை. தாளத்துக்கு அது உதவும்.

இரண்டாவது, லீட் வாசிக்கும்போது ஒவ்வொரு சுரத்தையும் பாட வைப்பது. ஹெண்ட்ரிக்ஸ் வழி. இங்கே மேல்முனை மென்மையாகவும் நடுப்பகுதி நீளமாகவும் இருக்க வேண்டும். பழைய பாணிப் பெடலின் அருமை முழுமையாகத் தெரிவது இதில்தான்.

மூன்றாவது, பெடலை ஆட்டாமல் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி வைத்து வாசிப்பது. ஜெர்மனியின் மைக்கேல் ஷெங்கர் இப்படித்தான் தன் தனி ஒலியைப் பெற்றார். இதற்குப் பெடல் வைத்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். காலை எடுத்ததும் ஸ்ப்ரிங்கால் திரும்பி வந்து தானே அணைந்துவிடும் வகைப் பெடல்கள் சந்தையில் உண்டு; மற்ற இரண்டு வகைக்கு அவை வசதியானவைதான், ஆனால் இதற்கு உதவவே உதவாது. இதை முதலில் யோசிக்காமல் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

இரண்டாம் படி: பக்கத்தில் ஃபஸ் இருக்கிறதா?

பழைய ஒலி தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஃபஸ் பெடலும் (கரகரப்பாக ஒலியை உடைக்கும் பழைய பாணி டிஸ்டார்ஷன்) வைத்திருப்பார்கள், அல்லது அடுத்து வாங்குவார்கள். ஆகவே இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

வழக்கமான வரிசை கிட்டார், வா, டிஸ்டார்ஷன், ஆம்ப். வா முன்னால் இருந்தால் அது கிட்டார் ஒலியைச் செதுக்கி அனுப்ப, பின்னால் வரும் டிஸ்டார்ஷன் அதைப் பருமனாக்கும். குரல் போன்ற தன்மை அதிகம். வாவைப் பின்னால் வைத்தால் டிஸ்டார்ஷன் உண்டாக்கிய அத்தனை மேல் அதிர்வெண்களும் ஃபில்டருக்கு இரையாகும். வீச்சு பிரம்மாண்டமாக, சிந்தசைசர் போலக் கேட்கும். ஓவர்டிரைவ் பெடலோ, நவீன டிஸ்டார்ஷனோ என்றால் இரண்டில் எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல் வந்தால் கதை மாறுகிறது. அதன் உள்ளீட்டுத் தடை மிகக் குறைவு, சில கிலோ ஓம்கள்தான். அது தனக்கு முன்னால் இருப்பதிடமிருந்து மின்னோட்டத்தை நிறைய இழுக்கும். பழைய வா சர்க்யூட்டால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது. விளைவு, காலை எவ்வளவு ஆட்டினாலும் வீச்சு பாதியாகச் சுருங்கும். சில சேர்க்கைகளில் ஊளையிடும். வா பெடல் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. பெடல் நன்றாகத்தான் இருக்கும்.

சரி, என்ன செய்வது? எளிய வழி, ஃபஸ்ஸை முன்னால் மாற்றி வாவைப் பின்னால் வைப்பது. செலவில்லை, ஒலி வேறு மாதிரி இருக்கும், ஆனால் நன்றாகவே இருக்கும். ஹெண்ட்ரிக்ஸ் போல வா முன்னால்தான் வேண்டும் என்றால், வாவின் வெளியீட்டில் ஒரு சிறிய பஃபர் சர்க்யூட்டை, அதாவது ஒலியை மாற்றாமல் அடுத்த பெடலின் சுமையைத் தான் தாங்கிக்கொள்ளும் ஒன்றைச் சேர்க்கலாம்; பெடல் பழுது பார்க்கிறவர் யாரும் இதைச் செய்து தருவார்.

பஃபர் எல்லா நேரத்திலும் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். வா அணைந்திருக்கும் நேரத்திலும் கிட்டார் ஒலி பஃபர் வழியாகவே ஃபஸ் ஃபேஸுக்குப் போனால், ஃபஸ் வறண்டு கரகரப்பாகும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் ஒலி தெளிந்து வரும் அந்த அழகான குணமும் போய்விடும், ஏனென்றால் அந்தக் குணம் கிட்டார் பிக்கப்பும் ஃபஸ்ஸும் நேரடியாகத் தொட்டுக்கொள்வதால் வருவது. ஆகவே ஃபஸ்ஸுக்கு முன்னால் வா வைக்கப் போகிறவர் ட்ரு பைபாஸ் (அணைத்ததும் சர்க்யூட் முழுவதும் விலகிவிடும் அமைப்பு) உள்ள பெடலைப் பார்ப்பதே நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. பழைய ஜெர்மேனியம் ஃபஸ் பெடல்கள் பலவற்றில் மின் இணைப்பு தலைகீழாக இருக்கும், பாசிட்டிவ் பக்கம் தரையில். அதையும் வா பெடலையும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து ஓட்டாதீர்கள், ஷார்ட் ஆகும். ஒன்றுக்காவது பேட்டரி போடுங்கள்.

மூன்றாம் படி: அணைந்திருக்கும்போது என்ன செய்கிறது?

அறுபதுகளின் பெடல்களில் சுவிட்ச் வெளியீட்டை மட்டும்தான் மாற்றும். அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் சர்க்யூட் கிட்டாரோடு ஒட்டிக்கொண்டே இருந்து ட்ரெபிளைக் கொஞ்சம் உறிஞ்சும். இதைச் சோதிப்பது சுலபம். பெடலை அணைத்து வைத்து, திறந்த தந்திகளில் ஒரு ஸ்வரக்கோவை (கார்ட்) அடியுங்கள். அப்புறம் பெடலைக் கழற்றிவிட்டுக் கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகி அதையே அடியுங்கள். போர்வையை விலக்கியது போல ஒலி பளிச்சென்று ஆனால் அந்தப் பெடல் உறிஞ்சுகிறது.

இப்போது வரும் பெடல்களில் இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, உள்ளீட்டில் ஒரு பஃபர். இன்னொன்று, அணைத்ததும் சர்க்யூட்டை முழுவதுமாக விலக்கிவிடும் ட்ரு பைபாஸ். ஃபஸ் இல்லாதவருக்கு இரண்டுமே சரிதான்.

நான்காம் படி: இண்டக்டர் பேச்சைக் கேட்கும்போது

ஹேலோ, ஃபாஸல், டிடிகே, 'ஸ்டாக் ஆஃப் டைம்ஸ்' எல்லாம் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டுப் பெடல்களில் இருந்த இண்டக்டர் வகைகள். இவற்றுக்குள் வேறுபாடு உண்டு. இண்டக்டரின் அளவும் அதன் உள் தடையும் மாறினால் தூக்கலின் கூர்மை மாறும். சத்தம் அதிகமாக உள்ளே போகும்போது அதன் காந்தக்கரு செறிவடைவதால் ஒரு மென்மையும் வரும். ஆனால் இதை மட்டும் வைத்துப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இண்டக்டருக்கு இணையாக இருக்கும் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாற்றினாலே கூர்மை மாறிவிடும். அந்த ரெசிஸ்டரின் விலை ஒன்றுமே இல்லை. கெபாசிட்டரைச் சற்றுப் பெரிதாக்கினால் முழு வீச்சுமே கீழே இறங்கும். பாட்-இன் ஏற்றம், அதாவது கால் நகரும் அளவுக்கும் மின்தடை மாறும் அளவுக்கும் உள்ள உறவு, இண்டக்டருக்குக் கொஞ்சமும் குறையாத முக்கியத்துவம் உள்ளது. பழைய இத்தாலிய 'ஐகார்' பாட்-ஐ இன்றும் தேடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் அதன் ஏற்றம்தான். விளம்பரங்களில் இண்டக்டரின் பெயர்தான் பெரிய எழுத்தில் வரும், பாட் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

ஐந்தாம் படி: சில மாடல்கள்

டன்லப் க்ரை பேபி ஜிசிபி95 எங்கும் கிடைக்கும் பெடல். உறுதியான உலோக உடம்பு, எடை ஒன்றரைக் கிலோவுக்கும் மேல். உள்ளீட்டில் பஃபர் உண்டு, ட்ரு பைபாஸ் கிடையாது. மேல்முனை கூர்மையானது, பழைய பாணி என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் உதிரி பாகங்கள் எளிதாகக் கிடைப்பதால் பிற்பாடு மாற்றி அமைக்க இதைவிட நல்ல பெடல் இல்லை. சாலிடர் பிடிக்கத் தெரிந்தவருக்கு என் பரிந்துரை ஒரு பழைய ஜிசிபி95.

சாலிடர் பக்கம் போக விருப்பமில்லையா? அதே நிறுவனத்தின் க்ரை பேபி கிளாசிக், ஜிசிபி95எஃப், ஃபாஸல் இண்டக்டரோடும் ட்ரு பைபாஸோடும் வருகிறது. முதல் வா பெடலாக இதை வாங்கினால் வருத்தப்பட மாட்டீர்கள். வாக்ஸின் வி847-ஏ இன்னொரு நியாயமான தேர்வு, இதிலும் பஃபர் உண்டு. அதன் மேல்வகை வி846-எச்டபிள்யூ கையால் கம்பி இணைத்துச் செய்யப்படுவது. விலை அதிகம், ஒலி மென்மை.

ஸோட்டிக் எக்ஸ்டபிள்யூ-1 பழைய இத்தாலியப் பெடலை அடிப்படையாகக் கொண்டது. உருவத்தில் வழக்கமானதைவிடச் சுமார் 20 சதவீதம் சிறியது. பயாஸ் (டிரான்சிஸ்டர் இயங்கும் நிலை), கூர்மை, ட்ரெபிள், பேஸ் ஆகியவற்றை வெளியிலிருந்தே திருப்பிச் சரிசெய்யலாம். தனக்கு என்ன வேண்டும் என்று இன்னும் தெரியாதவருக்கு இது நல்ல பள்ளிக்கூடம். பெரிய பாதம் உள்ளவர்கள் மட்டும் நின்று மிதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டன்லப் 535க்யூ-வும் வீச்சை ஆறு நிலைகளில் மாற்ற விடுகிறது. ஆனால் அதன் மனம் நவீன இசைப் பக்கம். ஃபுல்டோன் கிளைட் பெடல்கள் பழைய சந்தையில் கிடைத்தால் பாருங்கள், அருமையானவை.

மோர்லி பெடல்களில் பாட் கிடையாது. ஒரு விளக்கும் ஒளியை உணரும் பாகமும் அந்த வேலையைச் செய்கின்றன. தேய்மானம் இல்லை, கரகரப்பு வராது. நம் கடலோர ஊர்களின் ஈரப்பதத்துக்கும் தூசிக்கும் இது ஒரு நல்ல குணம். ஒலி வேறு மாதிரியானது. கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆறாம் படி: கடையில் சோதிப்பது

உங்கள் சொந்தக் கிட்டாரை எடுத்துப் போங்கள். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாரில் இனிமையாக இருக்கும் பெடல் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) கிட்டாரில் குத்தலாம். கேபிளும் உங்களுடையதாகவே இருந்தால் இன்னும் நல்லது. ஃபஸ் பெடல் இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் போடும் செருப்போ ஷூவோ எதுவோ அதையே அணிந்து போங்கள். சுவிட்ச் முன்பாதத்துக்கு அடியில் இருப்பதால் இது முக்கியம்.

ஆம்ப்பைச் சுத்தமான ஒலியில், ட்ரெபிளும் பேஸும் நடுவில் இருக்குமாறு வையுங்கள். பெடலை இயக்கி, குதிகாலை முழுவதும் இறக்கி, ஆறாம் தந்தியைத் திறந்து அடியுங்கள். ஒலி தடித்து இருக்க வேண்டும், ஆனால் சுரம் என்ன என்று தெரிய வேண்டும். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போல இருந்தால் வீச்சு ரொம்பவே கீழே போகிறது. அப்புறம் விரல் பக்கத்தை முழுவதும் அழுத்தி, முதல் தந்தியில் மேலே ஏதாவது சுரம் வாசியுங்கள். காது கூசினால் வேண்டாம். கடையில் கூசுவது மேடையில் இரண்டு மடங்கு கூசும்.

இப்போது முக்கியமான சோதனை. ஒரு ஸ்வரக்கோவையை அடித்துவிட்டு, அது அடங்குவதற்குள் காலை மிக மெதுவாகக் குதிகாலிலிருந்து விரல் வரை கொண்டு வாருங்கள். மாற்றம் எங்கே நடக்கிறது? சில பெடல்களில் முதல் பாதி முழுக்க ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு குறுகிய இடத்தில் எல்லாம் திடீரென்று நடந்து முடிந்துவிடும். நல்ல பழைய பாணிப் பெடலில் தொடக்கம் நிதானமாக இருக்கும், நடுப்பகுதி வேகமெடுக்கும், ஆனால் எந்த இடத்திலும் குதிக்காது. நடுவில் எங்கே நிறுத்தினாலும் பயன்படக்கூடிய ஒரு ஒலி கிடைக்க வேண்டும். நான்கைந்து இடங்களில் நிறுத்தி வாசித்துப் பாருங்கள். இந்த ஒரு சோதனையில் தேறிய பெடலுக்கு மற்ற குறைகளை மன்னிக்கலாம்.

அப்புறம் ஆம்ப்பில் கெய்னை ஏற்றுங்கள். சுத்தமான ஒலியில் அடக்கமாக இருந்த பெடல் டிஸ்டார்ஷனோடு உயிர் பெறும், ஏனென்றால் செதுக்குவதற்கு அப்போதுதான் நிறைய அதிர்வெண்கள் கிடைக்கின்றன. கூடவே இரைச்சலும் ஏறும். விரல் பக்கம் அழுத்தும்போது கொஞ்சம் இரைச்சல் இயல்பு. வாசிக்காதபோதும் பெடலை ஆட்ட ஆட்டக் கரகரவென்றால் பாட் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு. புதிய பெடலில் அது இருக்கக் கூடாது.

பெடலை இயக்கும்போதும் அணைக்கும்போதும் சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் கூடுவது நல்லது. குறைந்தால் மேடையில் உங்கள் லீட் மற்ற கருவிகளுக்குள் மூழ்கிவிடும்.

கடைசியாகக் கால். நின்றபடியும் உட்கார்ந்தபடியும் மிதித்துப் பாருங்கள். விரல் பக்கத்தைச் சாதாரணமாக முழுவதும் அழுத்தும்போதே பெடல் அணைந்துவிடக் கூடாது. வேண்டுமென்று அழுத்தினால் மட்டும் சுவிட்ச் சொடுக்க வேண்டும். இதைச் சுவிட்சின் நட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம் என்பதால் இதற்காக ஒரு நல்ல பெடலை ஒதுக்க வேண்டாம். பழைய பாணிப் பெடல்கள் பலவற்றில் விளக்கு இருக்காது. காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அசல் பழைய பெடல் வாங்கலாமா?

அறுபதுகளில் வந்த அசல் பெடல்களில் கிளைட் மெக்காயின் படம் அடித்தட்டில் இருப்பவை முதல் வரிசை; பிறகு அவருடைய கையெழுத்து மட்டும் இருப்பவை வந்தன; அதற்கும் பிறகு வி846 என்ற பெயரில். படம் போட்டவை அரிது, விலையும் அதற்கேற்ப. முதல் வா பெடலாக இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். நல்லது எப்படி ஒலிக்கும் என்று காது பழகிய பிறகுதான் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று உங்களால் சொல்ல முடியும்.

யாராவது ஒன்றைக் காட்டினால் அடித்தட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாட் மாற்றப்பட்டிருந்தால் அது குறையல்ல, இத்தனை வருடத்தில் தேயாத பாட் இருக்காது. இண்டக்டர் மாற்றப்பட்டிருந்தால் விலை இறங்க வேண்டும். மின்பகு கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம், மாற்றுவது எளிது. அடாப்டர் செருகும் துளை இருக்காது, 9 வோல்ட் பேட்டரி மட்டும்தான். பிற்பாடு யாராவது துளை போட்டிருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வழியாக வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெடலோடு வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானதாக இருந்தால் அதை நம் 230 வோல்ட் சாக்கெட்டில் செருகாதீர்கள். மையம் நெகட்டிவான 9 வோல்ட் அடாப்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு

பேட்டரியில் ஓட்டினால், வாசித்து முடித்ததும் கிட்டார் பக்கத்துக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கேபிள் செருகியிருக்கும்வரை பெடல் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும், அணைத்திருந்தாலும்.

ஒலி கொஞ்சம் மேலேயோ கீழேயோ போகிறது என்று தோன்றினால் காசு செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். அடித்தட்டைக் கழற்றினால், மிதிபலகையோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு பற்பட்டை தெரியும். அது பாட்-இன் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பட்டையைப் பிடித்திருக்கும் தாங்கியைத் தளர்த்தி, சக்கரத்தை ஒன்று அல்லது இரண்டு பல் மட்டும் நகர்த்தி, மீண்டும் பொருத்துங்கள். முழு வீச்சுமே பேஸ் பக்கமோ ட்ரெபிள் பக்கமோ இடம் மாறும். கூசுகிற மேல்முனை பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். பழைய நிலை எது என்று முன்கூட்டியே பேனாவால் குறி வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்கவில்லையென்றால் திரும்பி வர.

மிதிபலகை தொளதொளவென்று விழுந்தாலோ, ஆட்டவே கனமாக இருந்தாலோ அதன் அச்சில் இருக்கும் இறுக்கத்தைச் சரிசெய்யலாம். தாளம் வாசிப்பவர் கொஞ்சம் தளர்வாகவும், நடுவில் நிறுத்தி வாசிப்பவர் கொஞ்சம் இறுக்கமாகவும் வைத்துக்கொள்ளட்டும்.

சில வருடங்களில் கரகரப்பு வரும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை பாட்-இன் இடுக்கில் லேசாக அடித்து, மிதிபலகையை நன்றாக ஆட்டுங்கள். அது பலன் தராத நாள் வந்தால் பாட்-ஐ மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது 100 கிலோ ஓம், வா பெடலுக்கென்றே செய்தது என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ரேடியோ வால்யூம் பாட்-ஐக் கொடுத்தால் வாங்காதீர்கள். பற்சக்கரம் பொருந்தாது, அப்படியே பொருத்தினாலும் ஏற்றம் மாறிப்போய் நீங்கள் கேட்டு, மிதித்துத் தேர்ந்தெடுத்த அந்த ஒலி கிடைக்காது.